ரெண்டாவது ஊசி அவ்வளவாக வலிக்காது

2023 மே 13, சனி

கோடை விடுமுறையில் டீச்சர்களுக்கு ஓய்வு என்று நினைப்பவர்கள் எங்கள் காம்பவுண்டுக்குள் வந்து ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். களத்துக்கு இன்று ஆள் குறைவு. தேங்காய்ப் பருப்பைக் கிளறிவிட நானே இறங்க வேண்டியதாயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது.

என் ஓரகத்தி வசந்தாக்கா இருந்திருந்தால் பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். அவர் கண் பரிசோதனைக்குக் கோயமுத்தூர் போய்விட்டார். மகள் ஹர்ஷினியையும் கூட்டிப் போயிருக்கிறார். கார் ஓட்டிப் போனது என் வீட்டுக்காரர். பெரியவர், அதாவது இவருடைய அண்ணன், தேங்காய் லோடுக்காகப் பொள்ளாச்சியில் இருக்கிறார். ஊரில் இருந்திருந்தாலும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பருப்புக் காய்கிறது என்று சொல்லி மறுத்திருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

மே 14, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மூன்று பெண்களுக்கும் தலைக்கு எண்ணெய் வைப்பது என் வேலை. என் நிரஞ்சனாவும் இனியாவும் உட்காரும் முன்பே அடம் பிடிப்பார்கள். ஹர்ஷினி மட்டும் பூனைக்குட்டி மாதிரி வந்து உட்காருவாள். இன்று இடது கையைத் தொட்டதும் துள்ளிவிட்டாள். மேல்கை லேசாக வீங்கி இருந்தது. உடம்பும் கதகதப்பு.

"என்ன அம்மிணி ஆச்சு?" என்றேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து அக்கா குரல் கொடுத்தார். "ஷட்டில் வெளையாண்டுருப்பா. வேறென்ன?"

தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டு, மிளகு ரசமும் வைத்துக் கொடுத்தேன். அக்காவும் வாடிப் போய்த்தான் இருக்கிறார். கண்ணாடி மாற்றவில்லை. பவர் அதேதானாம். அதைச் சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கிண்டல் செய்தேன். சிரிக்கவில்லை.

ஜூன் 17, சனி

பள்ளியில் இன்று அம்மாக்களுக்கு மட்டும் ஒரு கூட்டம். நம் ஊர் டாக்டர் மங்கையர்க்கரசி பேசினார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி இருக்கிறதாம். பெண் பிள்ளைகளுக்கு ஒன்பது வயதிலிருந்து போடலாம். பதினைந்து முடிவதற்குள் ஆரம்பித்தால் ஐந்தாறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பதினைந்து முடிந்துவிட்டால் மூன்று.

அது எப்படித் தொற்றுகிற கிருமி என்று டாக்டர் சொன்னதும் பின் வரிசையில் ஒரே குசுகுசு. ஒரு அம்மா எழுந்து, "எங்க புள்ளைக அந்த மாதிரி இல்லீங்க" என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. "யாரு புள்ளையும் அந்த மாதிரி இல்லீங்கம்மா. முறையா கல்யாணம் பண்ணிட்டுப் போனாலும் இந்தக் கிருமி வரலாம். அதுக்கு முன்னாடியே போட்டுட்டாத்தான் ஊசி நல்லா வேலை செய்யும்" என்றார்.

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். மழைக்குத் தலையில் துண்டைப் போட நனைந்த பிறகா ஓடுவோம்? அங்கேயே மனசில் முடிவு செய்துவிட்டேன். நிரஞ்சனாவுக்கு அக்டோபரில் பதினைந்து முடிகிறது. இனியாவுக்குப் பதினொன்று. ஹர்ஷினிக்குப் பதினாலு. மூன்று பேரையும் ஒரே நாளில் ஒட்டுக்காகக் கூட்டிப் போய்விட வேண்டியதுதான்.

ஜூன் 18, ஞாயிறு

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அக்காவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் எது செய்தாலும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான். மூன்று பெண்களுக்கும் ஒரே நாளில் காது குத்தினோம். சைக்கிள் வாங்கினால் மூன்று. தீபாவளிக்கு ஒரே துணியை எடுத்து மூன்றாக வெட்டித் தைப்போம். மாமியார் போட்டுவிட்டுப் போன வழக்கம். அவர் போன பிறகு அக்கா அதைவிடக் கறாராகப் பார்த்துக்கொள்கிறார்.

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "பச்சப் புள்ளைகளுக்கு அந்த ஊசி எதுக்கு கோகிலா? புதுசா வந்தது. பின்னால என்ன பண்ணுமோ யாரு கண்டா? கொழந்தை பொறக்காதுன்னு வேற சொல்றாங்க."

"டாக்டர் அதெல்லாம் பொய்யின்னு சொன்னாங்கக்கா."

"சொல்லுவாங்க. அவுங்க விக்கறவங்க. ஒரு வருசம் போகட்டும் கண்ணு. நாலு பேரு போடட்டும், பாத்துட்டுப் போடலாம்."

கண்ணு என்று சொல்லிவிட்டால் எனக்கு வாய் எழாது. கல்யாணமாகி வந்த புதிதில் சமையல்கட்டில் அழுதுகொண்டு நின்றவளை அப்படிக் கூப்பிட்டுத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

அக்கா வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார். எங்கேயோ ஒரு நாட்டில் ஊசி போட்ட பெண்கள் மயங்கி விழுந்தார்களாம். யார் பேசுவது, எந்த ஊர், எதுவும் இல்லை. பின்னணியில் சோகமாக வயலின் மட்டும் இருக்கிறது.

ஜூலை 9, ஞாயிறு

இவரிடம் கேட்டேன். மோட்டார் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நிரஞ்சனாவுக்கு அந்த ஊசி போட்றலாங்களா?"

"அண்ணியக் கேளு."

"அக்கா வேண்டாங்கறாங்க."

"அப்பறம் என்ன?"

பெல்ட் மாட்டி முடித்துவிட்டது. இருந்தாலும் இன்னும் எதையோ முறுக்கிக்கொண்டே இருந்தார். பெண் பிள்ளை விஷயம் பேசினாலே இவருக்குக் கூச்சம். நாப்கின் வாங்கி வரச் சொன்னாலே கடைக்காரன் கண்ணைப் பார்க்க மாட்டார்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கொடுமுடிக்கு ஆற்றுக்குப் போனோம். அக்கா வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையாம். போன மார்கழியிலிருந்தே இப்படித்தான் இருக்கிறார். நடந்தால் மூச்சு வாங்குகிறது, கேட்டால் வயசாச்சு என்கிறார். நாற்பத்தைந்தெல்லாம் ஒரு வயசா?

கிளம்பும்போது இவர் அக்கா வாசலில் நின்று, "மாத்திரை போட்டீங்களாண்ணி?" என்று கேட்டார். எனக்கு டைபாய்டு வந்தபோது என் மாத்திரை என்ன நிறம் என்றுகூட இவருக்குத் தெரியாது. மைத்துனர் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று ஆற்றங்கரையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

செப்டம்பர் 9, சனி

எங்கள் பள்ளி பிலோமினா டீச்சர் மகளுக்கு முதல் ஊசி போட்டுவிட்டார். அந்தப் பெண் அடுத்த நாளே பள்ளிக்கு வந்து கோகோ விளையாடினாள். மயங்கவும் இல்லை, விழவும் இல்லை.

மறுபடியும் அக்காவிடம் போனேன். அடுத்த மாதம் நிரஞ்சனாவுக்குப் பதினைந்து ஆகிறது, இப்போது போட்டால் இரண்டோடு போகும் என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எம் புள்ளைக்கே நான் போடல கோகிலா. எனக்கு மட்டும் அவ மேல அக்கறை இல்லியா? எம் புள்ளைக்கு ஒண்ணு, உம் புள்ளைக்கு ஒண்ணுன்னு என்னைக்காவது பாத்திருக்கறனா?"

அது உண்மை. ஒரு மிட்டாயைக்கூட மூன்றாகத்தான் உடைப்பார். நான்தான் அவசரக்காரி. மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொன்னேன்.

அக்டோபர் 11, புதன்

நிரஞ்சனாவுக்குப் பதினைந்து முடிந்தது. அக்கா ஒப்புட்டு சுட்டுக் கொண்டுவந்தார். ஹர்ஷினி கார்டு வரைந்து கொடுத்தாள். என் மனசு மட்டும் சரியில்லை. ஒரு பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி இருந்தது. ஒன்றும் குடி முழுகிப் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 28, சனி

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தீபாவளி நெருங்கிவிட்டது, துணி எடுக்கப் போகலாம் என்று இரண்டு வாரமாகக் கேட்கிறேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அக்கா தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். இன்று பள்ளியில் அரை நாள் வேலை முடித்து வந்தால், அக்காவும் ஹர்ஷினியும் கோயமுத்தூர் போயிருக்கிறார்களாம். ஓட்டிப் போனது மறுபடியும் இவர். வியாபாரியைப் பார்க்க வேண்டுமாம், அண்ணியும் வருகிறேன் என்றாராம்.

தீபாவளிக்கு முன்னால் ஒருத்தி மகளோடு கோயமுத்தூர் போகிறாள் என்றால் எதற்கு என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். துணிக்கடைக்குத்தான். என்னை விட்டுவிட்டு!

சாயங்காலம் பொழுதோட வந்து இறங்கினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். கையில் ஒரு கவரும் இல்லை. காருக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள் என்று டிக்கியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டேன். ஸ்டெப்னி டயரும் பழைய சாக்கும்தான் இருந்தன. இந்த வயதில் ஒரு துணிக்காக இப்படி வேவு பார்க்கிறேனே என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

எதையும் விடாமல் எழுதுகிறேன்.

அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். எண்ணெய் வைக்க முதலில் ஹர்ஷினி வந்து உட்கார்ந்தாள். மற்ற இரண்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. தலையில் வைத்து, கழுத்தில் தேய்த்து, இடது தோளில் இறக்கியதும் "ஸ்ஸ்" என்றாள்.

"மறுக்கா அதே கையா?" என்றேன். "ஷட்டில்காரிக்கு இந்தப் பக்கம் என்ன வலி? நீ வலது கையிலதானே பேட் புடிப்பே?"

இதை நான் மே மாதமே யோசித்திருக்க வேண்டும்.

"போன தடவைக்கு இப்ப கம்மிதான் சித்தி," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "ரெண்டாவது ஊசி அவ்வளவா வலிக்காதுன்னு டாக்டரே சொன்னாங்க."

என் கை நின்றுவிட்டது. "எந்த ஊசி சாமி?"

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "அதான், கேன்சர் வராம இருக்கறதுக்கு. நிரஞ்சனாவுக்கும் இனியாவுக்கும் நீங்க எப்பவோ போட்டுட்டீங்களாமா? அம்மா சொன்னாங்க. இதெல்லாம் ஊட்டுக்குள்ள பேசிக்கற பேச்சில்ல, சித்திகிட்டயும் கேக்காத, அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்னாங்க."

பிள்ளை பயந்துவிட்டது. தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டது. இல்லை சாமி என்று சொல்லி, எண்ணெயை மெதுவாகத் தேய்த்து முடித்தேன். சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். தலை துவட்டினேன். சாம்பிராணி போட்டேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குத் துளி கோபமும் வரவில்லை. அவளுக்குப் போட்டாயிற்றே என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நிம்மதிகூட இருந்தது. மீதி இடம் முழுக்க எரிந்தது.

"எம் புள்ளைக்கே நான் போடல கோகிலா." என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கிச் சொன்னாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

அக்டோபர் 30, திங்கள்

ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

சாயங்காலம் மேகம் கட்டியது. ஆட்கள் போய்விட்டார்கள். நானும் இவரும் பருப்பின் மேல் தார்ப்பாய் இழுத்தோம், ஆளுக்கு ஒரு முனை.

"ஹர்ஷினிக்கு ரெண்டு ஊசியும் போட்டாச்சுங்களாமா?" என்றேன்.

தார்ப்பாய் நின்றுவிட்டது. "யாரு சொன்னா?"

என்ன ஊசி என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்றுதான் கேட்டார். இரண்டு நாளாக, இவருக்குத் தெரிந்திருக்காது, காரில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்றெல்லாம் நான் கட்டி வைத்திருந்தது அந்த ஒரு கேள்வியில் சரிந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். போன கார்த்திகையில் அண்ணிக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லையாம். கோயமுத்தூரில் டெஸ்ட் எடுத்ததில், கர்ப்பப்பை வாயில் புற்றுநோயாக மாறக்கூடிய இடம் இருந்ததாம். முன்னாடியே கண்டுபிடித்ததால் சின்ன சிகிச்சையிலேயே எடுத்துவிட்டார்கள். அடிக்கடி போய்க் காட்ட வேண்டும். கண் ஆஸ்பத்திரி எல்லாம் அதுதான். மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்று அங்கே உள்ள டாக்டர் சொல்லி, மே மாதம் ஆரம்பித்திருக்கிறார்கள்.

"மாமாவுக்குத் தெரியுங்களா?"

"அண்ணனுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்னு அண்ணி சத்தியம் வாங்கிட்டாங்க, சிவன்மலையான் மேல. அது எப்படி வர்ற கிருமின்னு வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? லோடுக்கு ஊர் ஊரா போறவரு. அண்ணன் பேரு என்னாகும்?"

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு எங்கிட்ட மறைச்சது போகட்டுங்க. எம் புள்ளைக்குப் போடாதன்னு ஏன் சொன்னாங்க?"

தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணி சரின்னுட்டா நீ என்ன பண்ணுவே? மூணு பேரையும் ஒட்டுக்கா கூட்டிட்டுப் போலாம்பே. ஹர்ஷிக்கு மறுக்கா போட முடியுமா? அவளை விட்டுட்டுப் போனா ஏன்னு கேப்பே, அண்ணி விஷயம் வெளிய வந்துரும். ரெண்டாவது ஊசி முடியற வரைக்கும் தள்ளிப் போடலாம்னு அண்ணி சொன்னாங்க. முடிஞ்சதும் அவங்களே உன்கிட்டப் போடச் சொல்லியிருப்பாங்க."

எனக்குப் புரிந்தது. காது குத்து, சைக்கிள், துணி என்று எல்லாவற்றையும் ஒட்டுக்காகச் செய்யும் வழக்கம் இருக்கிறதே, அதுவே என் பிள்ளைகளின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

"நிரஞ்சனா யாரு பொண்ணுங்க?" என்று கேட்டேன்.

"கத்தாத. நீ டீச்சரு, எப்படியும் போட்டுருவேன்னு நெனச்சேன்."

நான் போட்டுவிடுவேன் என்று நினைத்தவர், போடாதே என்பவளிடம் போய்க் கேள் என்று ஏன் அனுப்பினார்? கேட்டேன். அவர் தன் முனையைக் கீழே போட்டார். தூறல் விழுந்தது. அவர் முனையையும் நானே இழுத்துக் கல் வைத்தேன்.

அக்கா பாவம்தான். எத்தனை நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னிடம் சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் கோபம் ஒரு சுற்றும் இளைக்கவில்லை.

பெரியவர் லோடுக்குப் போகும்போது பாதி நாள் இவரும்தான் கூடப் போகிறார். இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

நவம்பர் 4, சனி

அக்காவே வந்து துணி எடுக்கக் கூப்பிட்டாள். இப்போதுதான் ஊசி முடிந்துவிட்டதே, இனி அவளுக்கு நேரம் இருக்கும். போனேன். கடையில் கூட்டம் நெரிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு துணியைக் கடைக்காரப் பையன் விரித்துப் போட்டான்.

அவளே சொல்லட்டும் என்று இந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன். சொன்னால் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "அக்கா, கடைசியா கேக்கறேன். அந்த ஊசியை நிரஞ்சனாவுக்குப் போட்டா என்னுங்க?" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள். "தீவாளி கழியட்டும். தையில பாக்கலாம். நானும் ஹர்ஷிக்குப் போடலாமான்னு அப்பத்தான் யோசிக்கோணும்."

யோசிக்க வேண்டுமாம்! வீக்கம்கூட இன்னும் முழுசாக வற்றியிருக்காது. பொய் என்று தெரியாமல் கேட்பது ஒரு மாதிரி. தெரிந்துகொண்டு, பொய் சொல்கிறவள் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு மாதிரி. அந்த வாயில்தான் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டாள்.

"இதையே எடுத்துக்கலாங்கக்கா," என்றேன். மூன்று பேருக்கும் சேர்த்து வெட்டினான்.

நவம்பர் 11, சனி

காலையில் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். இவர் காரை எடுத்து வாசலில் நிறுத்தி, "நான் வர்றேன்" என்றார். வியாபாரியைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வழியில் பிள்ளைகளிடம் எல்லாம் சொன்னேன். என்ன நோய், என்ன ஊசி, ஏன் இப்போதே போடுகிறோம் என்று சொன்னேன். அக்காவின் நோயை மட்டும் சொல்லவில்லை. "யார் கேட்டாலும் சொல்லலாமா?" என்று இனியா கேட்டாள். மைக் வைத்தே சொல்லலாம் என்றேன்.

டாக்டர் மங்கையர்க்கரசி இனியாவுக்கு இரண்டு ஊசி என்றார். நிரஞ்சனாவுக்குப் பதினைந்து தாண்டிவிட்டதால் மூன்று. "லேட்டானா என்னம்மா, இப்பவும் நல்ல நேரந்தான். கவலைப்படாதீங்க" என்றார். கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். யாரும் மயங்கவில்லை. நிரஞ்சனா மட்டும் வெளியே வந்ததும் கேட்டாள். "ஜூன்லயே டாக்டர் சொன்னாங்கன்னு பஸ்ஸுல சொன்னீங்களேம்மா? அப்பவே போட்டிருந்தா எனக்கும் ரெண்டுதானே?"

அம்மா தப்பான ஆட்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். இதற்கு மேல் அவளிடம் எப்படிச் சொல்வது?

டாக்டர் என்னையும் விடவில்லை. முப்பது தாண்டிய பெண்கள் எல்லாரும் டெஸ்ட் எடுக்க வேண்டும், எடுத்தீர்களா என்றார். இல்லை. அக்கா தனக்கு வந்ததை என்னிடம் சொல்லியிருந்தால் போன வருடமே எடுத்திருப்பேன். பிள்ளைகளை வெளியே உட்கார வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

எழுந்திருக்கும்போது, தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்பது மாதிரி கேட்டேன். "ஒருத்தருக்கு இந்தக் கிருமி இருந்தா, யாரால வந்துதுன்னு தெரியுங்களா டாக்டர்?"

"பல வருசம் உள்ள சத்தமில்லாம இருக்கும்மா. எப்ப வந்துது, எப்படி வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதைத் தோண்டறதுல பிரயோஜனம் இல்ல. ரிசல்ட் வரட்டும்."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 12, தீபாவளி

விடிவதற்கு முன்பே எழுந்து தண்ணீர் காய்ச்சினோம். தீபாவளிக்கு மட்டும் எண்ணெய் வைக்கும் வேலை எனக்கு இல்லை. வீட்டுக்கு மூத்தவள்தான் எல்லார் தலையிலும் வைக்க வேண்டும். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். முக்காலிகளில் மூன்று பெண்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியவரும் இவரும் துண்டைக் கட்டிக்கொண்டு தங்கள் முறைக்காக நின்றார்கள்.

ஹர்ஷினிக்கு வைத்தாள். அடுத்து நிரஞ்சனா. தலை, கழுத்து, பிறகு தோள்.

"ஆ! மெதுவா பெரியம்மா."

அக்காவின் கை அப்படியே நின்றது. எனக்கு அந்த நிற்றல் தெரியும். என் கையும் அதே மாதிரிதான் நின்றது.

"எப்ப?" என்றாள், சத்தமே வராமல்.

"நேத்து பெரியம்மா. எனக்கும் இனியாவுக்கும். அவளுக்கு ரெண்டு. எனக்குப் பதினஞ்சு ஆயிட்டதால மூணாமா." நிரஞ்சனா ஹர்ஷினியின் பக்கம் திரும்பினாள். "உனக்கு ரெண்டோட முடிஞ்சுதா? அதிர்ஷ்டக்காரி."

ஹர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் போல. பேசட்டும்.

அக்கா இவரைப் பார்த்தாள். இவர் வாசல் மரத்தில் ஏதோ காய்ந்த மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஊசி?" என்று கேட்டார் பெரியவர். "ஹர்ஷிக்கு எப்பப் போட்டீங்க?"

அக்காவின் கண் என் மேல் வந்து விழுந்தது. அப்படி ஒரு கெஞ்சலை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. இந்த இரண்டு வாரமாக எனக்கு உள்ளே எரிந்ததையெல்லாம் ஒரே வாக்கியத்தில் கொட்டிவிடலாம். கொட்டினால் ஞாயம்தான். ஆனால் அந்த மூன்று பெண்கள் எண்ணெய்த் தலையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புற்றுநோய் வராம இருக்கறதுக்குங்க மாமா," என்றேன். "பொம்பளப் புள்ளைக எல்லாருக்கும் போடறதுதான். மறைக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க. ஹர்ஷிக்கு எப்பன்னு அக்காவே சொல்லுவாங்க."

அவளுடைய நோய் அவளுடையது. அதை நான் எடுத்து வெளியே போட மாட்டேன். என் பிள்ளைகளை அதற்கு மூடியாக வைத்தாளே, அந்த மூடியை மட்டும் எடுத்துவிட்டேன்.

பெரியவர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா இனியாவுக்கு வைத்தாள். எண்ணெய் காதில் வழிந்தது. பிறகு என் முன்னால் வந்து நின்றாள். வருடா வருடம் பெண்களுக்கு அடுத்து நான்தான்.

"கோகிலா..." என்றாள். "குனி கண்ணு."

கல்யாணமாகி வந்த முதல் தீபாவளியிலிருந்து அந்தக் கைக்குக் குனிந்திருக்கிறேன். கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினேன். அவள் விடவில்லை, கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள்.

என் தலைக்கு நானே வைத்துக்கொண்டேன்.